இரைச்சல் நீக்கி

வயலின் பெட்டியைத் திறக்க எனக்கு அனுமதி கிடைத்த அன்றுதான் அப்பாவின் இடது காதுக்கு நாள் குறித்தார்கள்.

அவருடைய வலது காது முன்பே போய்விட்டது. உள்ளே நரம்பின் மேல் ஒரு கட்டி. அதை எடுத்தபோது கேட்கும் சக்தியும் கூடவே போயிற்று. பிறகு இடப்பக்கமும் அதே கட்டி இருப்பது தெரிந்தது. விட்டால் மூளையை அழுத்தும், எடுத்தால் கேட்காது. அறுவை மருத்துவர் நல்ல மனிதர். ஒரு தாளில் காதை வரைந்து, அதற்குள் ஒரு வட்டம் போட்டு, வட்டத்தை அடித்துக் காட்டினார்.

"ஆபரேஷனுக்கு முன்னாடி என்னென்ன கேக்கணுமோ கேட்டுக்கங்க," என்றார் அப்பாவிடம்.

அப்பா லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். பஸ்ஸில் வீடு திரும்பினோம். எங்கள் நிறுத்தத்தில் இறங்கும்போது சொன்னார்: "உங்கம்மா வாசிப்பாளே, அது. அதை ஒருதரம் கேட்டுட்டாப் போதும்."

அம்மா மருந்துக்கடையில் வேலை பார்த்தாள். மாலையில் வந்ததும் படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு வயலின் வாசிப்பாள். ஒரே ஒரு மெட்டுதான். யாரிடம் கற்றாள், அது என்ன பாட்டு, ஒன்றும் எங்களுக்குத் தெரியாது. கேட்டால், "சும்மா," என்பாள். பாதியில் ஓர் இடத்தில் எப்போதும் தடுக்கும். "ச்சே," என்று அவள் சொல்வது கதவுக்கு வெளியே கேட்கும். மறுபடி முதலிலிருந்து தொடங்குவாள். அந்த இடத்தை அவள் தாண்டிய நாட்கள் குறைவு. போனில் பதிவு செய்யப் போனால் வில்லைக் கீழே வைத்துவிடுவாள். அவள் இறந்த பிறகு பெட்டி அலமாரியின் மேல் ஏறிவிட்டது. மெட்டு என் தலையிலும் அப்பாவின் தலையிலும் மட்டும் இருந்தது.

எனக்குப் பாட வராது. நாலு பேர் முன்னால் என் பெயரைச் சொல்வதற்கே கூசும். தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. அங்கே பாட்டில்களோடு பேச வேண்டியதில்லை என்பதே எனக்கு அந்த வேலையில் பிடித்த விஷயம். நேரில் போய் ஓர் ஆசிரியர் முன் உட்கார என்னால் முடியாது. அப்பாவுக்குத் தலைசுற்றல் இருந்ததால் மாலையில் அவரைத் தனியே விடவும் முடியாது. அப்போதுதான் இணைய வயலின் பயிலகத்தின் விளம்பரத்தைப் பார்த்தேன். 'உங்கள் கூச்சத்தை மதிக்கிறோம்' என்று போட்டிருந்தது. என்னைப் பற்றி அவ்வளவு சரியாக யாரும் சொன்னதில்லை. அன்றே சேர்ந்தேன்.

முதல் நிலைக்கு முன்னால் ஒரு நிலை இருந்தது. அதன் பெயர் பெட்டி நிலை. பெட்டியை எங்கே வைப்பது, கேமராவுக்கு எந்தப் பக்கமாக வைப்பது, கொக்கிகளை மனதளவில் எப்படித் திறப்பது என்று பாடங்கள். கையால் திறக்கக் கூடாது. முடிவில் ஒரு தேர்வு. 'பெட்டி என்பது யாது?' என்று ஒரு கேள்வி. 'வயலினை வைக்கும் பெட்டி' என்பதைத் தேர்ந்தெடுத்தேன். தவறு. 'ஒழுக்கத்தின் முதல் சுவர்' என்பதே சரியான விடை. மீண்டும் முதல் பாடத்திலிருந்து பார்த்தேன். இரண்டாம் முறை சுவரைத் தேர்ந்தெடுத்தேன். திரையில் காகிதப் பூக்கள் பொழிந்தன. பெட்டியைத் திறக்கலாம் என்று செய்தி வந்தது. அதே மதியம் மருத்துவமனையிலிருந்து போன்.

"திறந்துட்டியா?" என்று அப்பா கேட்டார்.

"அனுமதி வந்துடுச்சுப்பா."

"யாரோட பெட்டிக்கு யாரும்மா அனுமதி குடுக்கறது?"

அதற்குப் பாடம் எதுவும் இருக்கவில்லை.

எங்கள் ஆசிரியருடைய கேமரா கொஞ்சம் மேலே பார்த்தபடி இருக்கும். அவருடைய நெற்றியும், பின்சுவரில் மாட்டிய சான்றிதழ்களும்தான் தெரியும். நெற்றி சார் என்று அப்பா பெயர் வைத்தார். நெற்றி சார் அன்பானவர். எதைச் செய்தாலும், "மிகச் சிறப்பு," என்பார். சொல்லும்போது நெற்றியில் மூன்று கோடுகள் விழும்.

முதல் நிலையில் ஒரே ஒரு பயிற்சி. ஒரே தந்தியில் ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல், சுண்டுவிரல். நாலு சுரம் மேலே, நாலு சுரம் கீழே. இதற்கு முதல் படி என்று பெயர். தினமும் ஒரு மணி நேரம் கேமராவைப் போட்டுக்கொண்டு முதல் படியை வாசிக்க வேண்டும். ஒரு நாள் விட்டால் மறுபடி பெட்டி நிலை.

என் சுண்டுவிரல் குட்டை. அம்மாவுக்கும் அப்படித்தான். விரல் நாலாவது சுரத்துக்கு எட்டாமல் வழுக்கும், வில் தடுக்கும், முதலிலிருந்து தொடங்குவேன். 'சுண்டுவிரல் பயிலகத் தரத்துக்குக் கீழே உள்ளது. நீட்ட முயலவும்' என்று திரையில் சிவப்பு எழுத்தில் வரும். மரபணு பற்றிப் பட்டப்படிப்பில் ஒரு முழுத் தாள் எழுதியிருக்கிறேன். அதை யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை.

முதல் வாரம் கீழ்வீட்டு அக்கா படியேறி வந்தாள். "உங்க குழாயில தண்ணி வரலியா? காத்து மட்டும் வர்ற மாதிரி எங்க வரைக்கும் கேக்குது."

"அது வயலின்க்கா."

"அப்படியா?" என்று அவள் அலமாரியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். "நல்லா வாசி. நான் மிக்ஸி போடற நேரம் சொல்றேன், அப்ப வாசி."

அப்பா உள்ளேயிருந்து சிரித்தார். "கப்பி தேஞ்சிருக்கு," என்றார். "எண்ணெய் போட்டாச் சரியாயிடும்."

ஆனால் நெற்றி சார் அன்று மாலை சொன்னது வேறு. "மிகச் சிறப்பு. ஒரு கீச்சு இல்ல, ஒரு பிசிறு இல்ல. இந்த நிலையில இவ்வளவு சுத்தமா வாசிக்கறவங்களை நான் பார்த்ததே இல்ல."

எனக்குக் கொஞ்ச நேரம் சந்தோஷமாக இருந்தது. பிறகு சந்தேகம் வந்தது. எங்கள் பரிசோதனைக் கூடத்தில் சாக்கடைத் தண்ணீரை வைத்து மீட்டர் சுழியம் காட்டினால் தண்ணீரைப் பாராட்ட மாட்டோம். மீட்டரைத்தான் கழற்றிப் பார்ப்போம்.

மறுநாள் வகுப்பில் வில்லைத் தந்தியில் படாமல் காற்றில் இழுத்தேன்.

"மிகச் சிறப்பு," என்றார் நெற்றி சார். கோடுகள் மூன்றும் விழுந்தன. "நேத்தைவிட முன்னேற்றம்."

பயிலகச் செயலியின் அமைப்புகளைத் திறந்து பார்த்தேன். 'இரைச்சல் நீக்கி: உச்ச அளவு. மனிதக் குரல் தவிர்ந்த அனைத்தும் நீக்கப்படும்' என்றிருந்தது. வயலின் மனிதக் குரல் இல்லை. ஆகவே நீக்கப்பட்டுவிட்டது. சேர்ந்த நாளிலிருந்து அவர் என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். என் கையை மட்டுமில்லை, எல்லா மாணவர்களின் கையையும்.

இதைச் சொல்ல எனக்கு மூன்று வகுப்புகள் ஆயின. நாலாவதில் சொன்னேன்.

"சார், என் வயலின் உங்களுக்குக் கேக்குதா?"

"எதுக்கும்மா கேக்கணும்? நான் இருபது வருஷமா சொல்லித் தர்றேன். கையைப் பார்த்தாலே தெரியும்."

"இல்ல சார், அந்த இரைச்சல் நீக்கி..."

"அது நம்ம பயிலகத்தோட பெருமைம்மா. முன்னாடியெல்லாம் சாயங்காலம் ஆனா எனக்குத் தலைவலி மாத்திரை இல்லாம முடியாது. அது வந்தப்புறம் பாரு, ஒரு நாள் கூட லீவு போடல."

சார் பொய் சொல்லவில்லை. நெற்றி தெளிவாக இருந்தது.

அறுவை சிகிச்சை நாள் நெருங்கியது. அம்மாவின் மெட்டை நானாகவே தேடிப் பார்த்தேன். தந்தியில் எந்த இடத்தில் எந்த சுரம் என்று எனக்குத் தெரியாது. நான்கு இடங்கள்தான் சொல்லித் தந்திருந்தார்கள். அம்மாவின் மெட்டு மூன்றாவது சுரத்தோடு அடுத்த தந்திக்குத் தாவிவிடும். தடவித் தடவி வாசிப்பேன். அப்பா இடது காதைக் கதவுப் பக்கம் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

"கிட்ட வந்துட்ட. ஆனா அது இல்ல."

"இதாப்பா?"

"இல்லம்மா. நீ மறுபடி உன் பள்ளிக்கூடத்துக்கே போயிடற."

உண்மைதான். மூன்றாவது சுரம் வந்ததும் கை தானாக முதல் படிக்குள் நுழைந்துவிடும். தினமும் ஒரு மணி நேரம் பழக்கிய கை.

முன்னேற்ற அலுவலர் என்று ஒருவர் பயிலகத்தில் இருந்தார். அவரிடம் பேச நேரம் வாங்கினேன். என்ன பேச வேண்டும் என்று எழுதி வைத்துக்கொண்டு படித்தேன். அப்பாவுக்கு அடுத்த வாரம் அறுவை சிகிச்சை, அதற்குப் பிறகு கேட்காது, ஒரு மெட்டு, அடுத்த தந்தியில் சில இடங்களை மட்டும் சொல்லித் தந்தால் போதும்.

அவர் தலையாட்டிக்கொண்டே கேட்டார். "ரொம்ப உருக்கமா இருக்கு. உருக்கமான கோரிக்கைகளுக்குன்னே நம்மகிட்ட தனிப் பிரிவு இருக்கு. ஆனா அங்க தகுதி பெறணும்னா மாணவருக்கே ஏதாவது ஆகியிருக்கணும். உங்களுக்குக் கை ஏதாவது ஒடிஞ்சிருக்கா?"

"இல்ல சார்."

"அதான் சிக்கல். ரெண்டாவது தந்தி மூணாம் நிலை. நடுவுல மௌன நிலைன்னு ஒண்ணு இருக்கு, அதைத் தாண்ட முடியாது."

"ஒரே ஒரு பாட்டு சார்."

அவர் குரலைத் தாழ்த்தினார். "உங்ககிட்ட வெளிப்படையாப் பேசறேன். பாட்டுதாம்மா மாணவர்களைக் கெடுக்குது. எங்க அனுபவம் அது. எந்தப் பாட்டுக்காக வந்தாங்களோ அதைக் கத்துக்கிட்ட அடுத்த நாளே போயிடறாங்க. அப்புறம் முன்னேற்றத்துக்கு யார் இருக்காங்க சொல்லுங்க? அதனாலதான் பாட்டைக் கடைசி நிலைக்கு அப்புறம் வெச்சிருக்கோம்."

"கடைசி நிலையை எத்தனை பேர் முடிச்சிருக்காங்க?"

"இன்னும் அந்த நிலையை வடிவமைக்கல," என்றார் பெருமையாக.

நான் அழவில்லை. அழுதால் குரல் இரைச்சல் நீக்கியைத் தாண்டிப் போகும். அவர் என்ன நினைத்தாரோ, திரையை அணைக்கும் முன், "ஒண்ணு பண்ணலாம்," என்றார். முதல் நிலைத் தேர்வில் தேறியவர்களுக்கு அங்கேயே ஐந்து நிமிடம் 'விருப்ப நேரம்' உண்டு. மாணவர் விரும்பிய மெட்டை வாசித்துக் காட்டினால் ஆசிரியர் திருத்தித் தருவார். விதிகளில் இருக்கிறதாம், இதுவரை யாரும் கேட்டதில்லையாம். என் தேர்வு, அப்பாவை மருத்துவமனையில் சேர்க்க வேண்டிய நாள் காலையில் வந்தது.

"போதும்மா அது," என்றார் அப்பா. "அஞ்சு நிமிஷம்னா முழுசாவே கேட்டுடலாம். உங்கம்மா தடுக்காம வாசிச்சா ரெண்டு நிமிஷம்தான்."

தேர்வுக்கு முந்தின நாள் பயிலகத்தின் ஆண்டுக் கூட்டம். வராவிட்டால் பெட்டி நிலை. திரையில் நூற்றுக்கணக்கான சின்னச் சின்னக் கட்டங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு வயலின். இயக்குநர் பேசினார். நல்ல கனத்த குரல், அதை இரைச்சல் நீக்கி தொடவில்லை.

"தோழர்களே, ஒரு காலத்துல இசை சொல்லித் தர்ற இடம்னாலே அண்டை வீட்டுக்காரங்க அலறுவாங்க. ஆசிரியர்கள் முகத்தைச் சுளிப்பாங்க. மாணவர்கள் வெக்கப்படுவாங்க. இன்னைக்கு இங்க பாருங்க. இத்தனை பேர் ஒரே நேரத்துல வாசிக்கப் போறீங்க. ஒரு குண்டூசி விழுந்தா எனக்குக் கேக்கும். இதுதான் நம்ம சாதனை. எல்லாரும் சேர்ந்து முதல் படி!"

எல்லாக் கட்டங்களிலும் விற்கள் ஏறி இறங்கின. ஒரு சத்தமும் இல்லை. இயக்குநர் கண்ணை மூடிக்கொண்டு தலையசைத்தார். ஒரு கட்டத்தில் வயதான பெண்மணி ஒருவர் வாசித்தபடியே வாய்க்குள் எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார். அவரும் ஏதோ ஒரு பாட்டுக்காக வந்தவராக இருக்கும்.

தேர்வு நாள் காலையில் அப்பா பையைத் தயார் செய்து, செருப்பைப் போட்டுக்கொண்டு, என் அறைக் கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். கதவை ஒருக்களித்து வைத்தேன். திரையில் மூன்று கட்டங்கள்: நெற்றி சார், முன்னேற்ற அலுவலர், நடுவில் இயக்குநர்.

இரவெல்லாம் யோசித்து ஒன்று முடிவு செய்திருந்தேன். வாசிப்பது கேட்டால்தானே திருத்த முடியும். இரைச்சல் நீக்கியை அணைத்தேன். முதல் படியை வாசித்தேன்.

மூவரும் ஒரே நேரத்தில் பின்வாங்கினார்கள்.

"என்ன அது?" என்றார் இயக்குநர்.

"உங்க பக்கம் கதவு ஏதோ கீச்சுங்குதும்மா," என்றார் நெற்றி சார். முதல் தடவையாக அவர் கண்களைப் பார்த்தேன். பயந்த, சின்னக் கண்கள்.

"அது... வயலின் சார்."



"எந்த வயலின்?" என்றார் முன்னேற்ற அலுவலர்.

"என்னுது சார். நான் வாசிக்கறது."

இயக்குநர் நெற்றி சாரைக் கேட்டார், "இது எப்பலேர்ந்து இப்படி?"

"எங்கிட்ட வாசிக்கறப்ப நல்லாத்தான் சார் இருந்துச்சு. ஒரு பிசிறு கிடையாது. நீங்க பதிவை எடுத்துப் பாக்கலாம்."

இயக்குநர் என் பக்கம் திரும்பினார். குரலில் கனிவு இருந்தது. "பதட்டப்படாதீங்க. தேர்வுல இது சகஜம். அந்தச் சத்தத்தை மட்டும் நிறுத்திட்டு, மறுபடி வாசிங்க."

நான் இரைச்சல் நீக்கியைத் திரும்பப் போட்டேன். மறுபடி வாசித்தேன். நாலாவது விரல் வழுக்கியது, வில் தடுக்கியது. மூவரும் தலையாட்டினார்கள். காகிதப் பூக்கள் பொழிந்தன.

"விருப்ப நேரம்," என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன்.

"தாராளமா. வாசிங்க."

"வாசிச்சா உங்களுக்குக் கேக்காது சார்."

"வாயால பாடுங்களேன்," என்றார் நெற்றி சார். உதவ வேண்டும் என்றுதான் சொன்னார். "குரலை அது ஒண்ணும் பண்ணாது. நீங்க பாடினா விரல் எங்க வைக்கறதுன்னு நான் சொல்லிடறேன்."

மூன்று பேர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கதவுக்கு அப்பால் நாற்காலி லேசாக நகரும் சத்தம் கேட்டது. அப்பா காதைக் கிட்டே கொண்டுவருகிறார். நான் கண்ணை மூடிக்கொண்டு, அம்மா கதவைச் சாத்துவதை நினைத்துக்கொண்டு, வாயைத் திறந்தேன்.

முதல் சுரம் வந்தது. இரண்டாவது வந்தது. மூன்றாவது வந்தது. அங்கிருந்து தாவ வேண்டும். எங்கே என்று தேடினேன். அங்கே ஒன்றும் இல்லை. நாலாவது சுரம் மட்டும் இருந்தது, அதன் பின்னால் வரிசையாக இறங்கும் சுரங்களும். வாய் அவற்றைப் பாடி முடித்தது. மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன். மறுபடியும் அதே.

"முதல் படி!" என்றார் இயக்குநர் மகிழ்ந்து. "பாத்தீங்களா? எதை வேணா பாடலாம்னு விட்டோம். அவங்க எதைப் பாடினாங்க? இதைத்தான் நான் ஒவ்வொரு கூட்டத்துலயும் சொல்றேன்."

நெற்றி சார், "மிகச் சிறப்பு," என்றார்.

நான் வெளியே வந்தபோது அப்பா எழுந்து பையைத் தோளில் போட்டிருந்தார். "போலாமா?" என்றார். படியிறங்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார், தலைசுற்றலுக்காக.

அறுவை சிகிச்சை நன்றாக முடிந்தது என்றார்கள். கட்டி முழுவதும் வந்துவிட்டது. அப்பா வீடு திரும்பியபோது தலையில் கட்டு, கையில் ஒரு சின்னப் பலகை. நான் எழுதுவேன், அவர் பேசுவார். தன் குரல் தனக்குக் கேட்காததால் கத்திப் பேசினார். கீழ்வீட்டு அக்கா முதல் நாள் பதறி ஓடி வந்து, விஷயம் தெரிந்து, படியிலேயே நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள்.

ஒரு மாலை அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து எதையோ முனகிக்கொண்டிருந்தார். சுருதி தறிகெட்டுப் போயிருந்தது. ஆனாலும் தெரிந்தது. நாலு சுரம் மேலே, நாலு சுரம் கீழே.

பலகையில் எழுதினேன்: அம்மாவோடது ஞாபகம் இருக்காப்பா?

அவர் படித்தார். கண்ணை மூடி மறுபடி முனகிப் பார்த்தார்.

"தேடிப் பாக்கறேன்மா," என்று கத்தினார். "அது இருந்த எடத்துல போய் நின்னா இதுதான் உக்காந்திருக்கு."

என் தலையிலும் அப்படித்தான் என்று நான் எழுதவில்லை. எழுத்தை அழித்தேன். அழித்த பலகையையே துடைத்துக்கொண்டிருந்தேன்.

போனில் செய்தி வந்தது. பயிலகத்திலிருந்து. மௌன நிலைக்கு என்னை வரவேற்றிருந்தார்கள். ஓர் ஆண்டு நடக்கும், வயலின் தேவைப்படாது என்றிருந்தது.

அப்பா கையை நீட்டினார். "எடுத்துட்டு வா."

பெட்டியைத் திறந்தேன். அனுமதி கேட்கவில்லை. பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். அப்பா உள்ளங்கையை வயலினின் மரத்தின் மேல் வைத்துக்கொண்டார், ஓடும் மோட்டாரின் மேல் கை வைத்துப் பார்ப்பது போல.

எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். அதையே வாசித்தேன். ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல். சுண்டுவிரலை நீட்டினேன். எட்டவில்லை. வழுக்கியது, வில் தடுக்கியது, மரத்தின் அதிர்வு அவர் கையின் கீழ் நின்றுபோனது.

"ச்சே," என்றார் அப்பா.

தெரு வரைக்கும் கேட்டிருக்கும். முகம் முழுக்கச் சிரிப்பு.

"மறுபடி வாசி," என்றார். "அந்த எடத்துலயே தடுக்கு."